பினாங்குக்குப் போனால் தண்ணீர்மலையோடு திரும்ப வேண்டுமா?

பள்ளி விடுமுறை தொடங்கினால் தோட்டப்புறங்களிலிருந்து பினாங்குக்குப் பேருந்துகள் கிளம்பிவிடும். காலையில் தண்ணீர்மலை, மதியம் கெக் லோக் சி, மாலையில் பத்து பிரிங்கி கடற்கரை, வழியில் ஒரு பை ஜாதிக்காய் ஊறுகாய் என்பதுதான் பெரும்பாலான பயணங்களின் அட்டவணை. ஜோர்ஜ்டவுன் நகரை இவர்களில் பலர் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. தமிழர்களின் கால்தடம் மிக ஆழமாகப் பதிந்திருப்பது அந்த நகரத்தில்தான்.

நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட கப்பல்களுக்கு மலாயாவின் முதல் துறைமுகம் பினாங்கு. 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலும் இங்கு நின்றுதான் தெற்கே போனது. வீட்டில் தாத்தா, பாட்டி ‘ரஜூலாவில் வந்தோம்’ என்று சொல்லியிருந்தால், அவர்கள் கண்ட முதல் மலாயா நகரம் இதுவாக இருக்கலாம். 1904-இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறையில் இன்று சுற்றுலாச் சொகுசுக் கப்பல்கள் நிற்கின்றன.

நகருக்குள் காரில் நுழைவதை, குறிப்பாக வார இறுதியில், தவிர்ப்பதே நல்லது. நெரிசலிலும் நிறுத்துமிடம் தேடுவதிலும் பாதி நாள் போய்விடும். காரைப் பட்டர்வொர்த்தில் விட்டுவிட்டு பெரியில் ஏறலாம். ரயிலில் வருபவர்களுக்கு இன்னும் வசதி; நிலையத்திலிருந்து பெரித் துறைக்கு நடந்தே போய்விடலாம். இப்போது பெரியில் கார்களை ஏற்றுவதில்லை. நடந்து வருவோரும் மோட்டார் சைக்கிளில் வருவோரும் மட்டுமே போகலாம். சில வெள்ளிதான் செலவு, கால் மணி நேரத்திற்குள் அக்கரை. பாலத்தில் போவோருக்குக் கிடைக்காத கடல் காற்றும் நகரத்தின் முகப்பும் இதில் கிடைக்கும். சிறுவர்களுக்கு இதுவே பெரிய கொண்டாட்டம்.

இறங்கிய இடத்திலிருந்து பத்து நிமிட நடையில் லிட்டில் இந்தியா. லெபோ பாசார், லெபோ பினாங்கு, லெபோ குவீன் தெருக்களில் சேலைக் கடை, பாத்திரக் கடை, பூக்கடை என்று எல்லாம் உண்டு. லெபோ பினாங்கில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. வட்டித் தொழில் நடந்ததும் செட்டியார்கள் தங்கியதும் அங்கேதான். லெபோ குவீனில் 1833-இல் எழுப்பப்பட்ட ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம், பினாங்கின் மிகப் பழைய இந்து ஆலயம். தண்ணீர்மலைக்கு ஆயிரக்கணக்கில் போகும் நம்மவர்களில் இந்தக் கோபுர வாசலை மிதித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் சற்று வருத்தமாகத்தான் இருக்கும்.

அங்கிருந்து சில நிமிடத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801-இல் இதைத் தொடங்கியவர் காதர் மைதீன் மெரிக்கன் என்னும் இந்திய முஸ்லிம் வணிகர். தம் சமூகத்தின் தலைவராக, ‘கப்பித்தானாக’ இருந்தவர். இன்று வசையாகக் காதில் விழும் ‘கிளிங்’ என்ற சொல் அக்காலத்தில் தென்னிந்திய வணிகர்களைக் குறித்த சாதாரணப் பெயர். கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்தது என்பர். பள்ளிவாசல் பலகையில் அதைப் பார்த்துப் பிள்ளைகள் முகம் சுளித்தால் விளக்கிச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. தொழுகை நேரம் தவிர்த்து, அடக்கமான உடையில் சென்றால் எல்லா மதத்தினரும் உள்ளே பார்க்கலாம். அருகில் லெபோ சூலியாவில், நாகூர் ஆண்டவரின் பெயரில் அமைந்த சிறிய தர்காவையும் காணலாம். ‘சூலியா’ என்பதே தமிழ் முஸ்லிம்களைக் குறித்த பெயர்.

பள்ளிவாசலுக்கு அருகிலேயே 1818-இல் கட்டிய செயின்ட் ஜோர்ஜ் தேவாலயமும் சீனர்களின் குவான் யின் கோயிலும் உள்ளன. 2008-இல் யுனெஸ்கோ ஜோர்ஜ்டவுனையும் மலாக்காவையும் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்ததற்கு இப்படிப்பட்ட அண்டை வாழ்வும் ஒரு காரணம். ஆர்மேனியன் தெருவின் சைக்கிள் சுவரோவியத்தருகே படம் எடுக்க வரிசையில் நிற்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் நேராகச் சியூ ஜெட்டிக்குப் போகலாம். கடலில் தூண்கள் நட்டுக் கட்டிய அந்தச் சீனக் குடியிருப்பில் இன்னும் மக்கள் வாழ்கிறார்கள். வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காமல் இருப்பது மரியாதை.

பசிக்கு நாசி கண்டார். தோளில் தண்டு வைத்து, இருபுறமும் சோறும் கறியும் தொங்கவிட்டுத் தமிழ் முஸ்லிம்கள் துறைமுகப் பகுதியில் விற்றதால் வந்த பெயர் அது. ‘கண்டார்’ என்றால் மலாயில் தோளில் தண்டு வைத்துச் சுமப்பது. நம் காவடி போலத்தான். ‘பஞ்சிர்’ என்று சொன்னால் எல்லாக் குழம்பையும் சேர்த்து ஊற்றுவார்கள். பெரிய இறாலையும் மீன் முட்டையையும் கை காட்டும் முன் விலையைக் கேட்டுக்கொள்வது பணப்பைக்கு நல்லது.

இரண்டாம் நாள் இருந்தால் கொடிமலை. 204-ஆம் எண் பேருந்து அடிவாரம் வரை போகும். 1923-இல் தொடங்கிய மலை ரயிலில் ஏறினால் உச்சியில் ஒரு முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே உள்ளன. மைகார்டு காட்டினால் கட்டணம் குறைவு. மறந்து போனால் பயணிகள் கட்டணம்தான் கேட்பார்கள். விடுமுறை நாளில் காலையிலேயே போய்விட வேண்டும், பதினொரு மணிக்கு மேல் வரிசை நீண்டுவிடும்.

தண்ணீர்மலையில் 513 படிகள் ஏறி இறங்கிய களைப்புக்கு, அதே சாலையில் சற்றே மேலே உள்ள தாவரவியல் பூங்கா ஏற்றது. 1884-இல் அமைத்தது, நுழைவு இலவசம். பாய் விரித்துக் கட்டுச்சோறு சாப்பிடும்போது குரங்குகள் மீது ஒரு கண் இருக்கட்டும்.

சொந்தக் காரில் முதல் பாலம் வழியாகத் திரும்புபவர்கள் வலப்பக்கம் பார்த்தால் காடு மூடிய ஒரு தீவு தெரியும். அது ஜெரஜாக். கப்பலின் தளத்தில் வந்த தொழிலாளர்களை, நோய் இல்லை என்று உறுதியாகும் வரை அந்தத் தீவில்தான் தடுத்து வைத்தார்கள். பெரியவர்கள் பேச்சில் ‘குவாரண்டின்’ என்று வருவது அதுதான். ஓட்டுநர் பாலத்தில் வண்டியை நிறுத்த முடியாது. பின் இருக்கையில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.