குச்சிக்கிழங்கும் குறுங்குளவியும்

நம் தருமபுரி மாவட்டத்தில், அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கங்களில் வாழும் உழவர்க்கு மரவள்ளி பெருந்துணையாகும். குச்சியை நட்டு வளர்ப்பதால் குச்சிக்கிழங்கு என்பது எம்மூர் வழக்கு. அதன் மாவே சேலத்து ஆலைகளில் ஜவ்வரிசியாகின்றது. பல திங்கள் நிலத்திலிருக்கும் பயிராதலின், இடையில் நலிவுறின் ஓராண்டு உழைப்பே பாழாம். சென்ற விடுமுறையில் எம் தோட்டத்துச் செடிகள் சிலவற்றின் கொழுந்துகள் சுருண்டு, வெண்பொடி பூத்து நிற்கக் கண்டேன். தந்தையார் மருந்து தெளிக்க முற்பட்டார். சற்றுப் பொறுக்குமாறு நான் வேண்டினேன். அதன் காரணத்தை ஈண்டு விளக்குவேன்.

அவ்வெண்பொடிக்குள் உறைவது மரவள்ளி மாவுப்பூச்சி. தென் அமெரிக்காவே மரவள்ளிக்கும் இப்பூச்சிக்கும் தாயகம். ஆங்கே இப்பூச்சியைத் தின்னும் பகையும் உடனுறைவதால், இது அளவு கடந்து பெருகுவதில்லை. போர்ச்சுக்கீசியர் மரவள்ளியைப் பிற நாடுகளுக்குக் கொணர்ந்தபோது பூச்சி உடன் வரவில்லை; நூற்றாண்டுகள் கழிந்து பூச்சி வந்தபோதோ அதன் பகை உடன் வரவில்லை. கேடு விளைந்தது இதனாலேயாம்.

1973 ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் காங்கோப் பகுதியில் தோன்றிய இப்பூச்சி, மரவள்ளியையே உணவாகக் கொண்ட கோடிக்கணக்கான மக்களைப் பஞ்சத்தின் வாயிலில் நிறுத்திற்று. இதன் இயற்கைப் பகையைத் தேடிய அறிஞர்கள், 1981 இல் பராகுவே நாட்டில் எள்ளினும் சிறிய குளவியொன்றைக் கண்டனர். அனகைரஸ் லோபெசி என்பது அதன் பெயர். பெண்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையினின்று வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, குளவியாகி, அதன் தோலைத் துளைத்து வெளிவரும். அவ்வாண்டே நைஜீரியாவில் விடப்பட்ட இக்குளவி, பின்னர் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பரவிப் பயிரைக் காத்தது. அப்பணிக்குத் தலைமை தாங்கிய சுவிட்சர்லாந்து அறிஞர் ஹான்ஸ் ஹெர்ரன் 1995 இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

நம் நாட்டில் இப்பூச்சி 2020 இல் கேரளத்துத் திருச்சூரில் முதன்முதல் காணப்பட்டது; விரைவில் சேலம், நாமக்கல், தருமபுரி முதலிய மாவட்டங்களையும் பற்றிற்று. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகத்தார், ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டினின்று அக்குளவியை 2021 இல் தருவித்தனர். பகையென்று கொணர்வது பிற உயிர்க்குப் பகையாதல் கூடாதன்றோ? ஆதலின் அதனைக் காவலில் வைத்து ஆய்ந்த பின்னரே, 2022 மார்ச்சுத் திங்களில் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளிவிட்டனர். இம்முறை நமக்குப் புதிதன்று. 2008 இல் கோயம்புத்தூரில் தோன்றிப் பப்பாளியையும் முசுக்கட்டையையும் அழித்த வேறொரு மாவுப்பூச்சி, 2010 இல் போர்ட்டோ ரிக்கோவினின்று வந்த குளவியால் அடங்கிற்று.

இனி, மருந்து தெளித்தலில் உள்ள இடர் யாது? மாவுப்பூச்சிக்கு மெழுகுப் பொடி கவசம். சுருண்ட கொழுந்து கோட்டை. குளவிக்கோ இவ்விரண்டும் இல்லை. எனவே கண்டபடி தெளிப்பின் நண்பன் மடிவான். பகைவன் எஞ்சிப் பெருகுவான். நோயுற்ற வயலினின்று நடுகுச்சி எடாமையும், தெளிக்குமுன் இலையைத் திருப்பிப் பார்த்தலும் உழவர் கடனாகும்.

அன்று நானும் தந்தையாரும் இலைகளைத் திருப்பிப் பார்த்தோம். மாவுப்பூச்சிகள் சில பழுப்பேறி உப்பி, உலர்ந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் சிறு துளை. "உள்ளே இருந்தது போய்விட்டதோ?" என்றார் தந்தையார். "போகவில்லை அப்பா, அடுத்ததைத் தேடுகின்றது" என்றேன். தெளிப்பான் அன்று கொட்டிலிலேயே கிடந்தது.