பெட்ரோலுக்குப் போகும் மக்காச்சோளம்

மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுத்துப் பெட்ரோலில் கலக்கிறார்களே, இனி விலை இறங்காதல்லவா என்று பெரம்பலூர்ப் பக்கத்து விவசாயிகள் கேட்கிறார்கள். பருத்தியை விட்டுவிட்டு முழுவதும் மக்காச்சோளம் போடலாமா என்பதுதான் கேள்வியின் உட்பொருள். பதில் சொல்லுமுன் பழைய கணக்கு ஒன்றைப் பார்க்க வேண்டும்.

2003இல் மத்திய திட்டக்குழு காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து டீசல் தயாரிக்கப் பரிந்துரைத்தது. அதன்பின் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் அந்தப் பயிருக்கு நல்ல பிரசாரம். தரிசிலும் வரும், ஆடு கடிக்காது என்று நானும் ஊர் ஊராகப் பேசியவன்தான். செடி பிழைத்தது உண்மை. ஆனால் பிழைப்பது வேறு, காய்ப்பது வேறு. உரமும் நீரும் இல்லாத நிலத்தில் விதை சொற்பமாகவே கிடைத்தது. காய்கள் ஒரே சமயத்தில் முதிராததால் பலமுறை ஆள் விட்டுப் பறிக்க வேண்டியிருந்தது. விற்ற பணம் பறிகூலிக்கே போதவில்லை. எண்ணெய் ஆலை வாங்காவிட்டால் விதைக்கு வேறு வாங்குவாரும் இல்லை. நச்சு விதையாதலால் புண்ணாக்கையும் மாட்டுக்கு வைக்க முடியாது. பலர் செடியை வேரோடு பிடுங்கிவிட்டார்கள்.

மக்காச்சோளத்தின் நிலை அப்படியன்று. நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகவும், மாவுச்சத்து ஆலைகளுக்கும் ஏற்கெனவே போகிறது. எத்தனால் ஆலை இன்னொரு வாடிக்கையாளர், அவ்வளவே. அந்த ஆலை எவ்வளவு கொடுக்க முடியும்? ஒரு குவிண்டாலில் சுமார் 38 லிட்டர் எத்தனால் கிடைக்கும். 2023-24இல் லிட்டருக்கு அரசு வைத்த விலை ரூ.71.86. ஆக, குவிண்டாலுக்குச் சுமார் ரூ.2,730. மிஞ்சும் சக்கைக்கும் கொஞ்சம் காசு வரும். (அதே சக்கை தீவனத்தில் மக்காச்சோளத்தின் இடத்தைப் பிடிப்பதும் உண்டு.) அடுப்பெரிப்பு, கூலி, வட்டி, லாரி வாடகை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அவ்வாண்டு ஆதரவு விலை ரூ.2,090. எத்தனால் விலையை அரசு உயர்த்தாதவரை ஆலை நமக்குத் தரும் விலை ஒரு வரம்பைத் தாண்டாது.

தேவை ஏறிய வேகமும் அப்படியே நீடிக்கும் என்று சொல்வதற்கில்லை. 2003இல் 5 சதவீதத்தில் தொடங்கிய கலப்பு 2025இல் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. அரிசியும் கரும்பும் அதில் பங்கு கேட்கின்றன. 2025 நவம்பரில் கர்நாடகத்தில் சந்தை விலை, ஆதரவு விலையான ரூ.2,400க்கு வெகு கீழே போய், மக்காச்சோள விவசாயிகள் போராட வேண்டியதாயிற்று.

எனவே, வழக்கமாக மக்காச்சோளம் நன்றாக விளையும் வயலில் தொடரலாம். மற்ற வயலையும் மாற்றுவதானால் குவிண்டால் ரூ.1,800 என்று வைத்து, படைப்புழு மருந்துச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈரம் 14 சதவீதத்துக்குக் குறையும்வரை காயவையுங்கள். ஆலைக்கென்று யாராவது ஒப்பந்தம் பேச வந்தால், எடை எங்கே போடுவார்கள், பணம் எத்தனை நாளில் வரும், விலை இறங்கினாலும் எடுத்துக்கொள்வார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். காட்டாமணக்குக் காலத்தில் இதைக் கேட்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.