லைன்: ஒரு சொல், எத்தனை பொருள்!

ஆங்கிலத்திலிருந்து வந்து நம் வாயில் தமிழாகவே ஆகிவிட்ட சொற்கள் பல. அவற்றுள் 'லைன்' போல ஓயாமல் உழைக்கும் சொல் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். வாளையாறு முதல் வண்டிப்பெரியாறு வரை, ஒரே ஆள் ஒரே நாளில் இச்சொல்லை ஐந்தாறு பொருளில் சொல்கிறார். கேட்பவரும் குழம்புவதில்லை.

இதன் வேர் லத்தீன் மொழியில் ஆளிச் செடியைக் குறிக்கும் சொல். ஆளி நாரில் திரித்த நூல்தான் முதல் 'லைன்'. 'லினன்' துணியும் இதே குடும்பம். நூலை இழுத்துப் பிடித்தால் நேர்கோடு. கோட்டின் மேல் நிறுத்தினால் வரிசை. எழுத்தை அடுக்கினால் வரி. நம் ஊர்க் கொத்தனாரும் நூல் பிடித்துத்தானே சுவர் எழுப்புகிறார்? இந்த விஷயத்தில் வெள்ளைக்காரனும் நாமும் ஒரே வழியில்தான் யோசித்திருக்கிறோம்.

தண்டவாளமும் கம்பியும்

பாலக்காட்டுக்காரருக்கு லைன் என்றதும் முதலில் ரயில்தான். 1932ல் போடப்பட்ட பொள்ளாச்சி லைன், அகலப் பாதையாக மாறி 2015ல் மீண்டும் திறக்கப்பட்டது. மூணாறிலும் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1902ல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908ல் சிறு ரயிலாக மாறிய குண்டளைப் பள்ளத்தாக்கு லைன் அது. மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் போய், அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூரை அடையும். 1924 பெருவெள்ளம் அந்த லைனை அடித்துக்கொண்டு போனது. மறுபடி போடவேயில்லை.

மின்சாரமும் லைன்தான். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940ல் பள்ளிவாசலில் இயங்கத் தொடங்கியது. அந்தக் கம்பியும் லைன்; அதில் ஏறி வேலை செய்பவர் லைன்மேன். டிரங்க் கால் போட்டுக் காத்திருந்த காலத்தில், 'லைன் கிடைக்கவில்லை' என்பதே ஊருக்குச் சேதி போகாததற்குப் போதுமான சமாதானம்.

2017ல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்படும் வரை, வாளையாறில் மைல் கணக்கில் நின்ற லாரி வரிசையும் லைன்தான். கட்சிக்காரர்கள் 'பார்ட்டி லைன்' என்பார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்தில் வைத்து வரைந்த எல்லைக் கோடும் ஒரு லைனே.

மலையாளிக்குச் சிரிப்பு

இங்கே தமிழர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மலையாளத்தில் குறிப்பிட்ட வழியில் தினம் ஓடும் பஸ் 'லைன் பஸ்'. அதே சமயம், ஓர் ஆணும் பெண்ணும் 'லைன்' என்றால் அவர்களுக்குள் காதல் என்று பொருள். எஸ்டேட் தாயார் ஒருவர், "எம் மக லைன்லதான் இருக்கா" என்று ஆபீஸ் குமாஸ்தாவிடம் சொன்னால், மகள் வீட்டில் இருக்கிறாள் என்றே அவர் சொல்கிறார். மலையாளிக் குமாஸ்தா சிரித்தால் அதற்குக் காரணம் வேறு!

வீடும் லைன்தான்

ஆம், தோட்டத் தொழிலாளிக்கு லைன் என்றால் வீடு. பேச்சில் அது லயன் ஆகி, லயம் ஆயிற்று. வெள்ளையர் ஆட்சியில் சிப்பாய்களின் குடியிருப்பு வரிசைகளை 'லைன்ஸ்' என்றார்கள். வடநாட்டு நகரங்களில் அதிகாரிகளின் விசாலமான பங்களாக்கள் நின்ற பகுதி 'சிவில் லைன்ஸ்'. அதே சொல் தேயிலை மலைக்கு வந்தபோது ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் ஒரு சிறு திண்ணை என்று சுருங்கிவிட்டது. ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிப் பல குடும்பங்கள். குதிரை கட்டும் 'லாயம்' என்ற சொல்லோடு இதன் ஒலி நெருங்கி நிற்பதைப் பலரும் கசப்போடு சொல்வதுண்டு.

தொழிலாளிக்கு வீடு தருவது நிர்வாகத்தின் கடமை என்று 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்தையும் விட வேண்டும். மகனோ மருமகளோ செக்ரோலில் பெயர் பதிந்தால்தான் அடுப்பு அங்கேயே எரியும். 2015 செப்டம்பரில் மூணாறு பெண் தொழிலாளர்கள் கூலிக்கும் போனஸுக்கும் சாலையில் உட்கார்ந்தபோது, இந்த ஒற்றை அறை வாழ்வும் வெளியுலகின் கண்ணில் பட்டது.

பெட்டிமுடி

2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, 4 லயங்களை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டது. 70 பேர் மாண்டனர். அவர்களில் 4 பேரின் உடல் கிடைக்கவேயில்லை. தென் தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள்.

அந்த மழையில் கரண்ட் லைன் இல்லை. போன் லைன் இல்லை. விடிந்த பிறகுதான் செய்தி வெளியே வந்தது. வழியில் பெரியவரைப் பாலம் அறுந்திருந்ததால் உதவி வருவதும் தாமதமாயிற்று. ஒரு சொல்லின் இத்தனை பொருளும் அந்த ஓர் இரவில் ஒன்றாக அறுந்துபோயின.

சொல்லுக்குப் பொருள் எத்தனை இருந்தாலும் அகராதிக்கு நஷ்டமில்லை. ஆனால் நூறு ஆண்டுக்கு மேல் மலையைப் பசுமையாக்கிய குடும்பத்துக்கு, வரிசையில் ஓர் எண்ணாக இல்லாமல், ஓய்வுக்குப் பின்னும் தன்னது என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அதற்குத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே சொல்தான்: வீடு.