எது அசல்? எது ஒட்டு?
56 ஆண்டுகளுக்குப் பிறகு கிளம்பிய இசைத்தட்டு மர்மம்!

அது ஒரு இசைத்தட்டு. 74 நிமிடம் ஓடும். அதில் இருப்பது ஒரே ஒரு கச்சேரி.

"உலகத்தின் தலைசிறந்த இசைத்தட்டு எது?" என்று மேல்நாட்டு இசை ரசிகர்களிடம் கேட்டால், பலர் இந்தத் தட்டின் பெயரைத்தான் சொல்வார்கள். அரை நூற்றாண்டுக் காலம் அதைப் பொக்கிஷம் போலப் பாதுகாத்தவர்கள் உண்டு.

2007-ம் ஆண்டில் ஒரு செய்தி வெளிவந்தது. ரசிகர்கள் திடுக்கிட்டார்கள்.

"நீங்கள் இத்தனை காலமும் கேட்டது, அன்று நடந்த கச்சேரி அல்ல. பல துண்டுகளை ஒட்டித் தயாரித்தது!" என்பதே அந்தச் செய்தி.

இது உண்மையா? உண்மை என்றால், அந்தத் தட்டின் மதிப்பு குறைந்து விடுமா?

காது கேளாத மேதை

கதை ஜெர்மானிய இசை மேதை பீத்தோவனிடம் தொடங்குகிறது. அவர் 1770-ம் ஆண்டு பான் நகரில் பிறந்தவர். வியன்னா நகரில் வாழ்ந்தவர்.

இளம் வயதிலேயே அவருடைய காது மந்தமாகத் தொடங்கியது. கடைசிக் காலத்தில் அநேகமாக எதுவும் கேட்கவில்லை. அந்த நிலையில்தான் தன்னுடைய 9-வது சிம்பொனியை எழுதினார்.

சிம்பொனி என்பது, பல வாத்தியக்காரர்கள் ஒன்றுகூடி வாசிப்பதற்காக எழுதப்படும் பெரிய இசை. வயலின், குழல், எக்காளம், முரசு எல்லாம் அதில் உண்டு. பாட்டு மட்டும் இருக்காது. அதுதான் அந்தக் காலத்து வழக்கம்.

பீத்தோவன் அந்த வழக்கத்தை மாற்றினார். 9-வது சிம்பொனியில் 4 பகுதிகள். முதல் மூன்றும் வாத்திய இசை. நாலாவது பகுதியில் மனிதக் குரல் எழுகிறது. தனித்துப் பாட 4 பேர். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய பாட்டுக் கோஷ்டி.

அவர்கள் பாடுவது, ஷில்லர் என்ற கவிஞர் 1785-ல் எழுதிய கவிதை. மகிழ்ச்சியையும் மனித குலத்தின் ஒற்றுமையையும் போற்றும் கவிதை அது.

1824-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி வியன்னாவில் அரங்கேற்றம் நடந்தது. பீத்தோவன் மேடையில் நின்று கையை அசைத்தார். ஆனால் வாத்தியக்காரர்கள் பார்த்தது உம்லாப் என்ற மற்றொருவரின் கையைத்தான்.

கூட்டம் கை தட்டியது. பீத்தோவனுக்குக் கேட்கவில்லை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். பாடகி கரோலின் உங்கர் அவரைத் திருப்பி நிறுத்தினார். அப்போதுதான் அவர் கண்ணால் கைதட்டலைக் கண்டார்!

மூடிக் கிடந்த அரங்கம்

ஜெர்மனியில் பைராய்ட் என்று ஒரு சிறு நகரம். அங்கே வாக்னர் என்ற இசை மேதை தன்னுடைய இசை நாடகங்களுக்கென்றே ஒரு அரங்கம் கட்டினார். 1872-ல் அதற்கு அடிக்கல் நாட்டியபோது, வாக்னரே பீத்தோவனின் 9-வது சிம்பொனியை நடத்தினார்.

பிற்காலத்தில் அந்த அரங்கத்துக்குக் கெட்ட பெயர் வந்தது. சர்வாதிகாரி இட்லர் அடிக்கடி அங்கே வந்தார். வாக்னரின் மருமகள் வினிப்ரெட் அவருக்கு நெருங்கிய சிநேகிதி.

1944-க்குப் பிறகு விழா நடக்கவில்லை. போரில் ஜெர்மனி தோற்றது. 7 ஆண்டுகளுக்குப் பின், 1951-ல் வாக்னரின் பேரன்மார்களான வீலண்ட், வோல்ப்காங் இருவரும் விழாவை மீண்டும் தொடங்கினார்கள்.

தொடக்க நாளில் எதை வாசிப்பது? அடிக்கல் நாட்டிய அன்று ஒலித்த 9-வது சிம்பொனியையே தேர்ந்தெடுத்தார்கள். பழைய கறையைக் கழுவிவிட்டு, மனித ஒற்றுமையைப் பாடும் இசையுடன் தொடங்க வேண்டும் என்பது எண்ணம்.

குற்றக் கூண்டில் நின்றவர்

அதை நடத்த வந்தவர் வில்ஹெல்ம் பூர்ட்வெங்லர். 1886-ல் பெர்லினில் பிறந்தவர். பெர்லின் இசைக்குழுவின் தலைவர். ஜெர்மனியில் அவருக்கு நிகர் இல்லை என்று பெயர் எடுத்தவர்.

அவர் மீதும் ஒரு கறை இருந்தது.

இட்லர் ஆட்சியில் பல கலைஞர்கள் நாட்டை விட்டு வெளியேறினார்கள். பூர்ட்வெங்லர் போகவில்லை. 1942-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி, இட்லரின் பிறந்த நாளுக்கு முந்தின நாள், இதே 9-வது சிம்பொனியைப் பெர்லினில் நடத்தினார். கச்சேரி முடிந்ததும் இட்லரின் பிரசார மந்திரி கோயபல்ஸ் மேடை அருகே வந்து அவருடன் கை குலுக்கினார். அந்தக் காட்சி சினிமாப் படமாகவே இருக்கிறது.

போர் முடிந்ததும் அவர் மேடை ஏறத் தடை விதிக்கப்பட்டது. 1946 டிசம்பரில் பெர்லினில் விசாரணை நடந்தது. அவர் நாஜிக் கட்சியில் சேராதவர். யூத இசைக் கலைஞர்களுக்கு அவர் உதவி செய்ததாகச் சாட்சிகள் கூறினார்கள். அவர் மீதான குற்றச்சாட்டுகள் தள்ளுபடி ஆயின. 1947-ல் மீண்டும் பெர்லின் மேடை ஏறினார்.

ஆனால் எல்லோரும் மன்னித்து விடவில்லை. அமெரிக்காவில் சிகாகோ இசைக்குழு அவரை அழைத்தபோது, புகழ் பெற்ற கலைஞர்கள் பலர் எதிர்த்தார்கள். அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

இப்படிப்பட்ட மனிதர், இப்படிப்பட்ட அரங்கத்தில், மனித ஒற்றுமையைப் பாடும் இசையை நடத்தப் போகிறார்! உலகமே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

ஜூலை 29

1951-ம் ஆண்டு ஜூலை மாதம் 29-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

ஜெர்மனியின் பல ஊர்களிலிருந்தும் வாத்தியக்காரர்கள் வந்திருந்தார்கள். பாட்டுக் கோஷ்டிக்குப் பயிற்சி கொடுத்தவர் வில்ஹெல்ம் பிட்ஸ். தனித்துப் பாடியவர்கள் எலிசபெத் ஷ்வார்ஸ்கோப், எலிசபெத் ஹோங்கன் என்ற இரு பெண்மணிகளும், ஹான்ஸ் ஹோப், ஓட்டோ எடல்மன் என்ற இரு ஆண்களும்.

பவேரியா ரேடியோ கச்சேரியை ஒலிபரப்பியது. இங்கிலாந்தின் ஈ.எம்.ஐ. கம்பெனியும் ஒலிப்பதிவு செய்தது. அந்தக் கம்பெனியின் சார்பில் அங்கே இருந்தவர் வால்டர் லெக்.

1954-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி பூர்ட்வெங்லர் காலமானார். அடுத்த ஆண்டில் ஈ.எம்.ஐ. கம்பெனி இசைத்தட்டை வெளியிட்டது. தட்டைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

தட்டில் என்ன சிறப்பு?

எல்லோரும் வாசிப்பது பீத்தோவன் எழுதிய அதே சுரங்கள்தான். பிறகு ஒரு தட்டுக்கும் இன்னொரு தட்டுக்கும் என்ன வித்தியாசம்?

முதல் வித்தியாசம் வேகம். இத்தாலிய மேதை டாஸ்கனினி 1952-ல் அமெரிக்காவில் பதிவு செய்த தட்டு சுமார் 65 நிமிடத்தில் முடிகிறது. பூர்ட்வெங்லரின் தட்டு 74 நிமிடம். மூன்றாவது பகுதியை டாஸ்கனினி சுமார் 14 நிமிடத்தில் முடிக்கிறார். பூர்ட்வெங்லர் 19 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறார். ஆனால் இழுவையாகத் தோன்றவில்லை. ஒருவர் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்வதுபோல் இருக்கிறது.

இரண்டாவது, தொடக்கம். இசை எந்த நொடியில் ஆரம்பித்தது என்றே தெரியாது. இருட்டில் யாரோ நடந்து வருவதுபோல் மெல்ல வரும். திடீரென்று இடியாக இறங்கும்.

மூன்றாவது, உலகப் புகழ் பெற்ற அந்த மகிழ்ச்சி மெட்டு. நாலாவது பகுதியில், கனத்த குரல் கொண்ட பெரிய தந்தி வாத்தியங்கள் மட்டும் அதைத் தனியாகத் தொடங்குகின்றன. மற்றவர்கள் சற்று உரக்கவே வாசிப்பார்கள். பூர்ட்வெங்லர் தட்டில் மூச்சுச் சத்தம்போல் கேட்கிறது. காதைக் கூர்மையாக்கிக் கேட்க வேண்டும். பிறகு வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேர, கடைசியில் எக்காளம் முழங்குகிறது.

நாலாவது, ஒரு நீண்ட நிறுத்தம். பாட்டுக் கோஷ்டி முழுவதும் கடவுளைக் குறிக்கும் ஒரே சொல்லை உச்சக் குரலில் பிடித்து நிற்கிறது. மற்ற தட்டுகளில் சில வினாடிகளில் விட்டு விடுவார்கள். இவர் விடவில்லை! "இனி மூச்சு தாங்காது" என்று நாம் நினைக்கிற வரையில் பிடித்து நிறுத்துகிறார். அப்புறம் அமைதி. அந்த அமைதியிலிருந்து முரசும் குழலும் மெல்லத் தட்டி எழுப்பும் ஒரு சிறு அணிவகுப்பு இசை!

குறைகளும் உண்டு

குறையே இல்லாத தட்டு என்று சொல்ல முடியாது.

அது ஒற்றை ஒலிப்பதிவு. இடது வலது என்று பிரிந்து கேட்காது. பாட்டுக் கோஷ்டி உச்சத்தில் பாடும்போது குரல்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. கவிதையின் சொற்கள் தெளிவாக இல்லை.

கடைசிச் சில வினாடிகள் இன்னும் மோசம். பூர்ட்வெங்லர் வெறி பிடித்தவர்போல் வேகத்தைக் கூட்டுகிறார். வாத்தியக்காரர்களால் ஈடு கொடுக்க முடியவில்லை. ஒருவரோடு ஒருவர் சேராமல் சிதறி ஓடுகிறார்கள்.

"இது தவறு" என்பார் சிலர். "இதுதான் உயிர்" என்பார் வேறு சிலர். சுத்தம் வேண்டுமானால், கரயான் 1962-ல் பெர்லின் இசைக்குழுவுடன் பதிவு செய்த தட்டு இருக்கிறது. அதில் இந்தச் சிதறல் இல்லை.

நாடாப் பெட்டி திறந்தது

இனி மர்மத்துக்கு வருவோம்.

2007-ல், பவேரியா ரேடியோவின் கிடங்கில் இருந்த பழைய ஒலி நாடா வெளியுலகுக்கு வந்தது. ஆர்பியோ என்ற கம்பெனி அதைத் தட்டாக வெளியிட்டது. அதே அரங்கம், அதே பாடகர்கள், அதே சிம்பொனி. ஆனால் ஈ.எம்.ஐ. தட்டோடு பல இடங்களில் ஒத்துப்போகவில்லை! இருமல் கேட்கும் இடம் வேறு. நிறுத்தம் வேறு. வேகமும் வேறு.

அப்படியானால் எது கச்சேரி?

ஒத்திகையையும் கச்சேரியையும் பதிவு செய்து வைத்துக்கொள்வது இசைத்தட்டுக் கம்பெனிகளின் வழக்கம். கச்சேரியில் ஓரிடம் கெட்டுப்போனால், ஒத்திகை நாடாவில் அந்த இடத்தை வெட்டி எடுத்து ஒட்டி விடுவார்கள். ஈ.எம்.ஐ. தட்டில் பெரும் பகுதி ஒத்திகையிலிருந்து வந்தது என்று பலர் கூறினார்கள். "இல்லை, ரேடியோ நாடாதான் ஒத்திகை" என்று சிலர் எதிர்வாதம் செய்தார்கள். சர்ச்சை பல ஆண்டு நீடித்தது.

மூன்றாவது சாட்சி வந்தது ஸ்வீடனிலிருந்து!

1951-ல் அந்த ஒலிபரப்பை ஸ்வீடன் நாட்டு ரேடியோவும் வாங்கி ஒலிபரப்பியிருந்தது. அந்த நாடா அங்கே பத்திரமாக இருந்தது. பிஸ் என்ற ஸ்வீடன் கம்பெனி அதை 2021-ல் வெளியிட்டது. அறிவிப்பாளரின் குரல் முதல் கடைசிக் கைதட்டல் வரை அப்படியே இருக்கிறது. எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை.

மூன்றையும் வைத்து ஒப்பிட்டவர்கள், ஸ்வீடன் நாடா பவேரியா நாடாவோடு பொருந்துவதாகக் கூறினார்கள். அதாவது, அன்று ரேடியோவில் ஒலித்தது அதுதான். புகழ் பெற்ற ஈ.எம்.ஐ. தட்டு ஒட்டுத் தட்டு என்ற கட்சியின் கை ஓங்கியது.

தீர்ப்பு என்ன?

தட்டின் உறையில் அச்சிட்ட தேதி ஜூலை 29. அதை நம்பித்தான் ரசிகர்கள் வாங்கினார்கள். ஒத்திகையும் கலந்திருக்கிறது என்பதை அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த அளவில் குற்றம் குற்றமே!

ஆனால் ஒத்திகையில் வாசித்தவர்களும் அதே கலைஞர்கள்தான். நடத்தியவரும் அதே பூர்ட்வெங்லர்தான். அந்த நீண்ட நிறுத்தத்தை வேறு யாரோ கொண்டுவந்து சேர்க்கவில்லை.

அன்று என்ன நடந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் ரேடியோ நாடாவைக் கேட்க வேண்டும். அதுவே சரித்திரச் சாட்சி. அந்தக் கலைஞர்களால் என்ன முடிந்தது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு ஈ.எம்.ஐ. தட்டு இருக்கிறது. முதல் தடவையாகக் கேட்பவர்கள் அந்தத் தட்டிலிருந்தே தொடங்கலாம். ஒலி சற்றுத் தெளிவு.

பூர்ட்வெங்லர் குற்றவாளியா, அப்பாவியா என்ற வழக்கை இந்த நாடாக்கள் தீர்க்கவில்லை. 1942-ல் பெர்லினில் அவர் நடத்தியதும் இதே இசைதான். 1951-ல் பைராய்ட்டில் நடத்தியதும் இதே இசைதான். நல்ல இசை ஒரு மனிதனை நல்லவன் என்று நிரூபித்து விடாது.

இசை தன் வழியே போய்க்கொண்டிருக்கிறது. 1989-ம் ஆண்டு பெர்லின் சுவர் திறந்தபோது, கிறிஸ்துமஸ் தினத்தன்று பெர்லினில் முழங்கியது 9-வது சிம்பொனி. ஐரோப்பிய ஒன்றியத்தின் கீதமும் அதன் மகிழ்ச்சி மெட்டுதான். ஜப்பானில் ஒவ்வொரு டிசம்பரிலும் ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் கூடி அதைப் பாடுகிறார்கள்.

அதை எழுதியவரின் காதில் மட்டும் அது அநேகமாக விழவே இல்லை!