முகம் சிவந்து எரிகிறதா? கடைக் களிம்பைத் தடவாதீர்கள்!

விருதுநகர் மாவட்டத்தில் மழை குறைவு, வெயில் அதிகம். சிவகாசியில் பட்டாசுத் தொழில் செழித்ததற்கு இந்த வெயிலும் ஒரு காரணம். சரக்கு காய வெயில் வேண்டும் அல்லவா?

ஆனால், அதே வெயில் சிலருடைய முகத்துக்கு ஆகாது!

கன்னமும் மூக்கும் சிவக்கும். எரியும். சிறு பருக்கள் கிளம்பும். இந்த நோய்க்கு 'ரோசேஷியா' என்று பெயர். பெரும்பாலும் 30 வயதுக்கு மேல் வரும். கறுத்த முகத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது, எரிச்சல்தான் தெரியும். வெயில், அடுப்புச் சூடு, காரம், சூடான டீ, மது ஆகியவை இதைக் கிளப்பிவிடும். இது ஒட்டுவாரொட்டி அல்ல.

களிம்பின் கேடு

சிலர் மருந்துக் கடையில் ஏதாவது களிம்பு வாங்கித் தடவுகிறார்கள். அதில் 'ஸ்டீராய்டு' இருந்தால் நாலே நாளில் முகம் தெளியும். நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும்! தோலும் மெலிந்துவிடும். டாக்டர் சீட்டு இல்லாமல் இத்தகைய களிம்புகள் பலவற்றை விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவிட்டது.

மண்ணில் கிடைத்த மருந்து

பருக்கள் மிகுந்தால் டாக்டர்கள் 'டாக்சிசைக்ளின்' மாத்திரை கொடுப்பது உண்டு. இது 'டெட்ராசைக்ளின்' குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை 'ஆரியோமைசின்'. அமெரிக்காவில் மண்ணில் வாழும் நுண்ணுயிரில் இருந்து எடுத்த அந்த மருந்து, 1948-ல் வெளிவந்தது. அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ்!

இது கிருமி பெருகாமல் தடுக்கும் மருந்து. ஆனால், ரோசேஷியாவில் வீக்கத்தையும் எரிச்சலையும் தணிப்பதே இதன் வேலை. அதற்குக் குறைந்த அளவே போதும். 40 மில்லிகிராம் கேப்ஸ்யூலை 2006-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. குணம் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

கவனம் தேவை

* கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடாது. சிறு பிள்ளைகளுக்குப் பல்லில் கறை படியலாம்.

* டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்குங்கள். உடனே படுக்காதீர்கள்.

* இரும்புச் சத்து மாத்திரையைச் சேர்த்துச் சாப்பிடாதீர்கள்.

* மாத்திரை சாப்பிடும்போது வெயில் தோலை எளிதில் சுட்டுவிடும். குடையோ, துண்டோ இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

* கண்ணும் சிவந்து உறுத்தினால், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்த வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்காதீர்கள். கண்டபடி விழுங்கினால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். நாளை உயிர் காக்க வேண்டிய வேளையில் அதே மருந்து பலிக்காமல் போகும்!