இப்னு சீனா வகுத்த பரீட்சை

இருதய நாடிகளில் அடைப்புக் கண்டுள்ள என் நண்பரொருவர், வைத்தியர் கொடுத்த குளிகைகளை நிறுத்திவிட்டுத் தேனும் வினாகிரியும் உள்ளிச்சாறும் கலந்து அருந்தப் போவதாகச் சென்ற வாரம் கூறினார். "பாரசீகத்து இப்னு சீனாவின் வழி இது" என்பது அவர் வாதம்.

புகாராவின் அருகே பிறந்து ஹமதானில் மறைந்த அப்பேரறிஞரை (980–1037) நானும் போற்றுபவனே. இருதய மருந்துகளுக்கென்றே தனிநூல் செய்தவர் அவர். தேனும் வினாகிரியும் சேர்ந்த 'சிக்கஞ்சபீன்' என்னும் பானகம் தடித்த கபத்தைக் கரைத்து அடைப்பை நீக்கும் என்பது பாரசீக மருத்துவ மரபு. ஆயின், இருதய நாடியின் அடைப்பு வாய்க்காலிற் படிந்த வண்டல் போன்றதன்று. கொழுப்பானது நாடிச் சுவரினுள்ளேயே புகுந்து தடித்து வளர்வதால் உண்டாவது. அதனைக் கழுவிக் களையும் பானகம் எதுவுமில்லை. உள்ளி இரத்த அழுத்தத்தைச் சிறிது தணிக்கக்கூடும். இரத்தம் உறையாதிருக்கக் குளிகை உண்போருக்கோ அது இரத்தக் கசிவை மிகுவிக்கவுங் கூடும்.

இப்னு சீனா தமது 'கானூன்' என்னும் பெருநூலில், மருந்துகளைச் சோதித்தறிய 7 விதிகள் வகுத்துள்ளார். பயன் ஒருமுறையன்றிப் பலமுறை தோன்றவேண்டும். சோதனை மனித உடலிலேயே நிகழவேண்டும். சிங்கத்திலோ குதிரையிலோ கண்டது மனிதருக்குப் பொருந்தாது போகலாம் என்பன அவற்றுட் சில.

"உங்கள் குளிகைகள் அப்பரீட்சையில் தேறியவை, இந்நோய்க்கு இப்பானகம் இன்னும் தேறவில்லை. அவரைப் பின்பற்றுவதாயின் அவருடைய விதிகளையும் பின்பற்றுங்கள்" என்றேன்.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "வைத்தியரைக் கேளாமல் எதனையும் நிறுத்தமாட்டேன்" என்றார். எனக்கு மூச்சு வந்தது.