டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் மந்திர விதிகளைப் பொருள்கொள்ளுதல்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி அமர்ந்து பேச்சாலும் பகடையாலும் ஆடப்படும் கற்பனைப் பாத்திர ஆட்டமாகும். அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கிய இவ்வாட்டம் 1974-இல் வெளிவந்தது. ஆட்டக்காரர்கள் வீரன், மந்திரவாதி, பூசாரி போன்ற பாத்திரங்களை ஏற்பர். ஒருவர் மட்டும் ஆட்ட நடத்துநராக இருந்து கதையை நகர்த்துவார். பகைவர்களையும் அவரே இயக்குவார்.

மந்திரங்களைப் பற்றிய விதிகளில் வாக்குவாதம் எளிதில் எழும். வாள் வீச்சுக்குச் சில பொது விதிகள் போதும். ஆனால் ஒவ்வொரு மந்திரமும் தனக்கென ஒரு சிறு விதியை உடன் கொண்டு வருகிறது. பல மாதங்களாக ஆடி வளர்த்த ஒரு பாத்திரம் பிழைப்பதும் இறப்பதும் ஒரு சொல்லுக்கு எப்படிப் பொருள் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து அமையலாம். இங்குக் கூறப்படுபவை, வேறுவிதமாகக் குறிப்பிட்டால் ஒழிய, 2014-இல் வெளியான ஐந்தாம் பதிப்பின் விதிகளாகும்.

மந்திரக் குறிப்பின் தலைப்பகுதி

விதிநூலில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் முதலில் அதன் நிலை, ஓதும் நேரம், தொலைவு, தேவைகள், நீடிக்கும் காலம் ஆகியவை தரப்பட்டிருக்கும். விளக்கம் அதன் பிறகே வரும். புதியவர்கள் தலைப்பகுதியைத் தாண்டி நேரே விளக்கத்துக்குப் போய்விடுகின்றனர். தவறுகள் பல அங்கேதான் தொடங்குகின்றன.

மந்திரம் ஓத ‘ஸ்பெல் ஸ்லாட்’ ஒன்று செலவாகும். இதைப் பயணச்சீட்டு போல எண்ணிக்கொள்ளலாம். ஆட்டத்தின் தொடக்கக் காலத்தில், ஓதிய மந்திரமே மந்திரவாதியின் நினைவிலிருந்து அழிந்துவிடும். ஜாக் வான்ஸ் எழுதி 1950-இல் வெளிவந்த ‘தி டையிங் எர்த்’ என்னும் கதைநூலிலிருந்து பெறப்பட்ட கருத்து இது. ஐந்தாம் பதிப்பில் மந்திரம் மறப்பதில்லை, சீட்டுதான் தீர்கிறது. ‘கேன்ட்ரிப்’ எனப்படும் எளிய மந்திரங்களுக்குச் சீட்டே வேண்டியதில்லை.

பூசாரியின் இரு கைகள்

தேவைகள் மூன்று வகைப்படும்: வாயால் சொல்வது, கையால் சைகை காட்டுவது, ஒரு பொருளைக் கையில் கொள்வது. வாயை அடைத்துவிட்டால் முதல் வகை இயலாது. இரு கைகளையும் கட்டிவிட்டால் இரண்டாம் வகை இயலாது. இதுவரை குழப்பமில்லை.

இனி ஒரு போரை எண்ணிப் பார்க்கலாம். பூசாரியின் ஒரு கையில் தண்டாயுதம், மறு கையில் புனிதச் சின்னம் பொறித்த கேடயம். தோழன் உயிர்ப்புள்ளிகள் முழுதும் இழந்து தரையில் கிடக்கிறான். அவன் தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். மூன்று தோல்வி சேர்ந்தால் மரணம். பூசாரி ‘கியூர் வுண்ட்ஸ்’ என்னும் காயம் ஆற்றும் மந்திரத்தை ஓத விரும்புகிறார். ஓதலாமா?

விதிப்படி கூடாது. அம்மந்திரத்துக்குச் சொல்லும் சைகையும் தேவை, பொருள் தேவையில்லை. பொருளையோ அதற்கு ஈடான புனிதச் சின்னத்தையோ ஏந்திய கையாலேயே சைகையும் காட்டலாம் என்று விதி சொல்கிறது. ஆனால் அச்சலுகை பொருள் தேவைப்படும் மந்திரங்களுக்கு மட்டுமே உரியது. ஆகவே, தேவை குறைவான மந்திரத்துக்குக் காலியான கை வேண்டும். தேவை கூடுதலான மந்திரத்துக்கு வேண்டாம்! விந்தையாகத் தோன்றினாலும், பதிப்பகத்தாரின் ‘சேஜ் அட்வைஸ்’ விளக்கங்களும் இப்படியே கூறுகின்றன. பல மேசைகளில் இவ்விதியைக் கண்டுகொள்வதில்லை. அதனால் ஆட்டம் கெட்டுவிடுவதுமில்லை.

அதே பூசாரிக்கு வேறொரு வழி உண்டு. ‘ஹீலிங் வேர்ட்’ மந்திரத்துக்குச் சொல் மட்டும் போதும். 60 அடி தொலைவிலிருந்தும் ஓதலாம். எட்டு முகப் பகடைக்குப் பதில் நான்கு முகப் பகடைதான் உருளும். ஆனால் ஓர் உயிர்ப்புள்ளி கிடைத்தாலும் தோழன் கண் விழித்துவிடுவான்.

ஒரு முறைக்கு எத்தனை மந்திரம்?

ஹீலிங் வேர்ட் ‘போனஸ் ஆக்ஷன்’ என்னும் கூடுதல் செயலாக ஓதப்படுவது. அப்படி ஒரு மந்திரம் ஓதிவிட்டால், அதே முறையில் ஒரு செயல் அளவு நேரம் பிடிக்கும் கேன்ட்ரிப்பைத் தவிர வேறு மந்திரம் ஓத இயலாது. இதைப் பலர் ‘ஒரு முறைக்கு ஒரு மந்திரம்’ என்று சுருக்கிவிடுகின்றனர். 2014 நூலில் அப்படி ஒரு விதியே இல்லை. மந்திரம் கற்ற போர்வீரன் ‘ஆக்ஷன் சர்ஜ்’ திறனால் இரண்டாம் செயல் பெற்றால், இரண்டு தீப்பந்துகளை அடுத்தடுத்து எறியலாம். 2024 திருத்தப் பதிப்பு, ஒரு முறையில் ஒரே ஒரு ஸ்லாட்டை மட்டுமே மந்திரம் ஓதச் செலவிடலாம் என்று மாற்றி அமைத்தது. இது நினைவில் வைக்க எளிது.

தீப்பந்தும் கணக்கும்

பதிப்பு மாறினால் பொருளும் மாறும் என்பதற்கு ‘ஃபயர்பால்’ நல்ல சான்று. 1978-இல் வந்த விதிநூலில், தீ தான் வெடிக்கும் இடத்தின் வடிவத்துக்கு ஏற்பப் பரவி, ஏறத்தாழ 33,000 கன அடி இடத்தை நிரப்பும். 20 அடி ஆரமுள்ள கோளத்தின் கன அளவே அது. பத்தடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட சுரங்கப் பாதையில் எறிந்தால், 33,000-ஐ 100-ஆல் வகுக்க, 330 அடி நீளத்துக்குத் தீ ஓடும். அதாவது இருபுறமும் 165 அடி. எறிந்தவரே கருகிவிடக்கூடும். ஐந்தாம் பதிப்பில் தீ மூலைகளைச் சுற்றிப் பரவும். ஆனால் மையத்திலிருந்து 20 அடிக்கு மேல் போகாது. பழைய பதிப்பை ஆடிப் பழகியவரும் புதியவரும் ஒரே மேசையில் அமர்ந்தால், எறிவதற்கு முன்பே இதைப் பேசிக்கொள்வது நல்லது.

நடத்துநரின் தீர்ப்பு

சிறப்பு விதியும் பொது விதியும் மோதினால் சிறப்பு விதியே வெல்லும் என்பது நூலின் நெறி. அதிலும் தீராதபோது நடத்துநர் சொல்வதே முடிவு. இறந்தவரை ஒரு நிமிடத்துக்குள் எழுப்பும் ‘ரிவிவிஃபை’ மந்திரத்துக்கு 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும். மந்திரத்தோடு அதுவும் அழிந்துவிடும். புனிதச் சின்னம் அதற்கு ஈடாகாது. அப்படியானால், பேரம் பேசி 250 காசுக்கு வாங்கிய வைரம் பயன்படுமா? மதிப்பு என்பது கடைக்காரர் முதலில் சொன்ன விலையா, கைக்கு வந்த விலையா என்று மந்திரக் குறிப்பு சொல்வதில்லை. நடத்துநர் இதை வைரம் வாங்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். தோழன் இறந்து கிடக்கும்போது அல்ல.